நாற்பத்து மூன்று வீட்டுக் காற்று

எங்கள் ஊரில் ஒரு தெருவுக்கு வாய்க்கால் வேண்டுமென்றால், அந்தத் தெருவில் படிப்பை விட்டு நிற்பவர் யாரோ அவர்தான் பிளாஸ்டிக் கட்டைகளில் பொக்லைன் கட்ட வேண்டும். பூனை அளவு இருந்தால் போதும். தெருவின் மண்ணைத் தாம்பாளத்தில் பரப்பி, பொக்லைனை அதில் இறக்கி ஓட்டினால், தாம்பாளத்தில் எப்படித் தோண்டுகிறதோ அப்படியே தெருவிலும் தோண்டப்படும். தாம்பாளத்தில் ஒரு கரண்டி மண் என்றால் தெருவில் ஒரு டிராக்டர் மண்.

இரும்பில் செய்த பெரிய பொக்லைனும் ஊரில் ஒன்று உண்டு. நகராட்சி அலுவலக வாசலில் நிற்கிறது. அது மாதிரிக்காக வைத்தது. கட்டும்போது சந்தேகம் வந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அதை வைத்து யாரும் எதையும் தோண்டுவதில்லை.

என் பெயர் ஜெபக்கனி. ஆறாம் குறுக்குத் தெரு. பிளஸ் டூ பாதியில் நின்றேன். பள்ளியில் டி.சி. கொடுக்கும்போதே பெட்டியையும் கொடுத்துவிடுவார்கள். இரண்டாயிரத்து நூற்று எட்டுக் கட்டைகள், இரண்டு மோட்டார், ஆறு காற்றுச் சிலிண்டர், ஒரு காற்றுத் தொட்டி, நீலத்திலும் சாம்பலிலும் மெல்லிய ட்யூப், படம் போட்ட ஒரு புத்தகம். தலைமையாசிரியர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "பாத்து எடுத்துட்டுப் போ, கனமா இருக்கும்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பெட்டியைப் பதினோரு மாதம் நான் திறக்கவில்லை. அம்மா அதன்மேல் ஏறித்தான் பரணிலிருந்து உளுந்து மூட்டையை இறக்குவாள். நல்ல உயரம்.

அப்புறம் ரேஷன் கடைச் சுவரில் மழை நோட்டீஸ் ஒட்டினார்கள். ஐப்பசி பதினாலு, சனிக்கிழமை, காலை பத்தேகாலுக்கு ஆறாம் குறுக்குத் தெருவில் ஆரம்பம். நான் பார்த்தபோது பன்னிரண்டு நாள் இருந்தது.

எங்கள் தெரு மேற்கே மேடு, கிழக்கே பள்ளம். பள்ளத்தின் கடைசியில் அம்மாவின் மாவுக்கடை. இட்லி மாவு, தோசை மாவு, வடைக்கு மட்டும் சொன்னால் தனியாக அரைத்துக் கொடுப்பாள். போன வருடம் மழை நேராகக் கடைக்குள் வந்தது. இரண்டு கிரைண்டரிலும் மோட்டார் கருகிவிட்டது. மூன்று வாரம் ஆட்டுரலில் ஆட்டினோம். இந்த வருடமும் வந்தால் கடையை மூடிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட வேண்டும் என்று அங்கே இருக்கும் மாமா, அம்மாவின் தம்பி, முடிவு செய்திருந்தார். எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இடம் சொல்லி வைத்திருந்தார். வேலை கெட்ட வேலை இல்லை, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா இங்கே நாற்பத்து மூன்று வீட்டுக்கு மாவு அரைக்கிறாள். அங்கே போனால் மாமா வீட்டுக்கு மட்டும் அரைப்பாள். அதுதான் எனக்கு ஆகவில்லை.

ஆக, பெட்டியைத் திறந்தேன். பரணுக்கு ஏற அம்மாவுக்கு வேறொரு ஸ்டூல் வாங்கிக் கொடுத்தேன்.

கட்டுவது எனக்கு வந்தது. எனக்கே தெரியாது. முதலில் கட்டைகளை மாவு சலிக்கிற சல்லடைகளில் நிறம் நிறமாகப் பிரித்து வைத்தேன். அடியில் இரண்டு பக்கமும் செயின், அதன்மேல் சுற்றுகிற தட்டு, அதன்மேல் கேபின், முன்னால் மூன்று மடக்காக ஒரு கை, கையின் நுனியில் பக்கெட். ஒரு மோட்டார் செயினை ஓட்டும். இன்னொரு மோட்டார் குட்டிப் பம்பை ஓட்டும். பம்ப் காற்றைத் தள்ளும், காற்று ட்யூப் வழியாகப் போய்ச் சிலிண்டரை நீட்டும், சிலிண்டர் நீண்டால் கை எழும்பும். இவ்வளவுதான். இதைப் பள்ளியில் இப்படிச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன்.

நான்காம் நாள் நீல ட்யூபையும் சாம்பல் ட்யூபையும் மாற்றிச் செருகிவிட்டேன். லீவரை மேலே தள்ளினால் கை கீழே போய் மாவு வாளிக்குள் தலையை விட்டது.

"ஏட்டி, அதுக்குப் பசிக்குதோ என்னமோ" என்றாள் அம்மா.

"ட்யூபு மாறிட்டும்மா."

"மாறுனா மாத்து. மாவு உப்புப் போட்டது, இரும்பு கிரும்பு துருப்புடிச்சிரும்."

"அது பிளாஸ்டிக்."

"அதச் சொல்லல. ஒன்னச் சொல்லுதேன். அழுக்குக் கைய எடு."

ஏழாம் நாள் இரண்டாயிரத்து நூற்று ஏழு கட்டைகளும் பொருந்திவிட்டன. ஒன்று குறையும். எல்லாப் பெட்டியிலும் குறையும். அந்தக் கடைசிக் கட்டை, மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு குமிழ் வைத்தது, நகராட்சி அளவர் சட்டைப் பையில் இருக்கும். அவர் வந்து பார்த்துத் திருப்தியானால் எடுத்துக் கொடுப்பார். கேபின் கூரையில் அதை வைத்தால்தான் தாம்பாளம் தெருவோடு சேரும். அதற்கு முன்னால் தோண்டினால் வெறும் தாம்பாளத்தைத்தான் தோண்டும்.

மிச்சம் இருந்தது காற்று.

புத்தகத்தில் விதி எட்டு தெளிவாகச் சொல்கிறது. பம்ப் காற்றைத் தள்ளத்தான் செய்யும், உண்டாக்காது. முதல் காற்றைத் தொட்டியில் நாம் கொடுக்க வேண்டும். அது அந்தத் தெருக் காற்றாக இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு மூச்சு, தெருவில் உள்ள எல்லா வீடும். காற்றுக்குத் தான் இருந்த இடம் மறக்காது, அதனால்தான் இந்த விதி.

நாற்பத்து மூன்று வீடு. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார், காப்பி குடி என்பார்கள். அப்புறம் ஒன்று கேட்பார்கள். ஏன் பிள்ளை படிப்பை விட்ட? நாற்பத்திரண்டு தடவை கேட்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் கேட்க மாட்டார்கள். பதினோரு மாதமாக நான் தெருவின் பின்பக்கச் சந்து வழியாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்காகத்தான்.

அதனால் இசக்கிதுரையிடம் போனேன். பத்தாவது வரை என் வகுப்பு. மெயின் ரோட்டில் பஞ்சர் கடை. அவனும் படிப்பை விட்டவன். அவன் தெருவுக்கு வாய்க்கால் ஏற்கெனவே இருந்ததால் அவன் பெட்டியில் ரோடு ரோலர்தான் வந்தது. கட்டி முடித்து, அவன் தெரு இப்போது மிகவும் மட்டமாக இருக்கிறது. அங்கே கோலிக்குண்டு உருளாது.

"ஏல, இதுல காத்து அடிச்சுக் குடு."

அவன் பொக்லைனைத் தூக்கி, காதருகே ஆட்டிப் பார்த்தான். "தெருக் காத்துல்லா புடிக்கணும்?"

"காத்துல என்னல தெருக்காத்து, ஊர்க்காத்து. அடி."

"நான் சும்மா சொன்னேன். வீடு வீடாப் போனா காப்பியாவது கிடைக்கும்."

"நீ போய் குடி."

அவன் சிரித்துக்கொண்டே அடித்தான். கம்ப்ரஸர் அன்று ரிப்பேர். காலையில் ஒரு பஸ்ஸின் பின் டயரைக் கழற்றியபோது அதிலிருந்த காற்றை வீணாக்காமல் பெரிய ட்யூப் ஒன்றில் பிடித்து வைத்திருந்தான், அதிலிருந்து ஏற்றினான். சோப்பு நுரை தடவி ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தோம். எங்கும் குமிழி வரவில்லை. தொட்டியில் காற்றழுத்தம் காட்டும் முள் பச்சையில் நின்றது. எனக்கு மகிழ்ச்சி. நாற்பத்து மூன்று வீட்டு வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

புதன்கிழமை காலை அளவர் வந்தார். பெயர் திரவியம். ஒல்லியான மனிதர், பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்றை வைத்துக்கொண்டு ஊரையே அளப்பவர். பக்கெட் திறந்து மூடுகிறதா, கை எழும்புகிறதா, செயின் நழுவுகிறதா எல்லாம் பார்த்தார். தாம்பாளத்தில் நான் வீட்டுக்கு ஒரு பிடி மண் வீதம் எடுத்துப் பரப்பியிருந்தேன். வாசல் மண்ணை விடியற்காலையில் யாரும் எழும்புவதற்கு முன்னால் அள்ளிக்கொண்டு வந்துவிடலாம், பேச வேண்டியதில்லை. கிழக்கு ஓரத்தில் குளம் வரைந்திருந்தேன். வாய்க்கால் மேற்கிலிருந்து வந்து, அம்மா கடை வாசலை ஒட்டி, குளத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது நகராட்சி வரைபடம்.

"நல்லா கட்டிருக்கம்மா" என்று சொல்லி மஞ்சள் கட்டையை எடுத்துக் கொடுத்தார்.

வைத்தேன். மோட்டாரைப் போட்டேன். பொக்லைன் நிதானமாகக் கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் நின்று, ஒரு குழி தோண்டியது. அரை நிமிடம் காத்திருந்தது. மறுபடி கிளம்பி, கொஞ்ச தூரம் போய் நின்று, இன்னொரு குழி. காத்திருந்தது. இப்படி ஐந்து குழி. கடைசிக் குழி பக்கத்தில் ஒரு முறை முழுதாகச் சுற்றித் திரும்பி, வந்த வழியே புறப்பட்டது. நான் மோட்டாரை நிறுத்தினேன்.

நானும் அளவரும் வெளியே போய்ப் பார்த்தோம். தெருவில் ஒரே அளவு இடைவெளியில் ஐந்து குழிகள். ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர் பைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். மூன்றாவது குழியில் பலாப்பழத்தோடு நின்றவர் என்னைப் பார்த்து, "தாயி, சங்கரன்கோவில் வண்டி போயிட்டா?" என்று கேட்டார்.

"தெரியல" என்றேன்.

"போயிருக்காது" என்றார் பக்கத்தில் நின்ற அம்மாள். "போயிருந்தா நாம நிப்பமா?"

அளவர் நோட்டை எடுத்தார். "காத்து எங்கம்மா புடிச்ச?"

"பஞ்சர் கடையில."

"விதி எட்டு வாசிச்சியா?"

"வாசிச்சேன்."

"பெறவு?"

"நாப்பத்து மூணு வீட்டுக்கும் போக எரிச்சலா இருந்திச்சி."

அவர் 'எரிச்சல்' என்று எழுதிக்கொண்டார். அதன் கீழே 'பஸ் நிறுத்தம் – ஐந்து' என்று எழுதினார். கேபின் கூரையிலிருந்து மஞ்சள் கட்டையைக் கழற்றித் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வருவேன். அதுக்கு மேல நமக்கு நாள் இல்ல. சனிக்கிழமை நான் எட்டாம் குறுக்குத் தெருவுக்குக் குடை குடுக்கப் போணும்."

அன்று சாயங்காலம் மாமா போன் செய்தார். "அக்கா, லாரி சொல்லிரட்டா? கிரைண்டரயும் ஏத்திரலாம்." அம்மா, "வெள்ளிக்கிழமை சொல்லுதேன்" என்று வைத்துவிட்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் அரிசியைக் கழுவினாள். மூன்று தண்ணீர் போதும். அன்று ஐந்து தண்ணீர் கழுவினாள்.

நான் தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டேன். காற்று உடனே வரவில்லை. ஐந்து நாற்பதுக்குத்தான் கிளம்பியது. வாசலைத் தாண்டி, மெயின் ரோட்டில் வலது பக்கம் திரும்பிப் போனது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மேற்குக் கோடியில் ஒன்றாம் எண் வீட்டுக் கதவைத் தட்டினேன். சங்கிலிமுத்து மாமா, போஸ்ட்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். உட்காரச் சொன்னார். காப்பி வந்தது. டம்ளரை நான் வாயில் வைக்கும் வரை காத்திருந்துவிட்டு, கேட்டார்.

"ஏன் தாயி, படிப்ப விட்டுட்ட?"

சொல்லிவிட்டேன். ஒரு தடவை சொல்லித்தானே ஆக வேண்டும். "போன மழையில கிரைண்டர் கருகிட்டுல்லா மாமா. மூணு வாரம் லீவு போட்டு அம்மாகூட ஆட்டுனேன். திரும்பிப் போனா எல்லாரும் எங்கயோ போயிட்டாவ. நான் இன்னும் அணிகள்ல நிக்கேன், அவங்க வகைக்கெழுவுல நிக்காங்க. கணக்கு சார்ட்ட கேட்டேன். போர்டப் பாத்துக்கிட்டே, 'பக்கத்துல உள்ளவங்ககிட்ட கேட்டுக்கோ'ன்னாரு. பக்கத்துல உள்ளவ நோட்ட மறைச்சுக்கிட்டா. எனக்குப் பொறுமை இல்ல. எந்திச்சு வந்துட்டேன்."

"ம்" என்றார். ட்யூபை வாங்கி, ஒரு மூச்சு ஊதினார். தபால்காரர் மூச்சு, நீளமாக இருந்தது.

இரண்டாம் எண் மும்தாஜ் அக்கா வீடு. ட்யூபில் வாய் வைத்தால், நாம் ஊதுவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் காற்று கொஞ்சம் வெளியே வரும். எந்தத் தொட்டியிலும் அப்படித்தான். அக்கா வாய் வைத்தாள், ஒரு நொடி நின்றாள், அப்புறம் ஊதினாள். துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மூணு வாரத்துக்குள்ள அம்புட்டுப் பாடமா நடத்திட்டாவ? என்ன அவசரமோ."

அவள் எதையும் கேட்கவில்லை. மூன்றாம் எண்ணிலும் கேட்கவில்லை. நான்காம் எண் அண்ணன், "அந்தக் கணக்கு சார் எனக்கும் எடுத்தாரு பிள்ள. அவரு முதுகுதான் எனக்குத் தெரியும்" என்றான். ஒன்பதாம் எண்ணில் ட்யூபை எடுத்தவுடனே, "நோட்ட மறைச்சது யாரு, அந்தப் பல்லுக்குக் கம்பி போட்டவளா?" என்று கேட்டார்கள். ஆமாம், அவள்தான். நான் பயந்த கேள்வியை ஒரே ஒரு வீட்டில்தான் கேட்டார்கள். இது முன்பே தெரிந்திருந்தால் முன்பக்கமாகவே நடந்திருப்பேன்.

என் காரியம் மட்டும் போகவில்லை. பதினொன்றாம் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தது இருபதாம் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்குத் தேவையில்லாதது. நான் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினேழும் பதினெட்டும் ஒரு முருங்கை மரத்துக்காக ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. பதினேழு ஊதியாகிவிட்டது. பதினெட்டாம் எண் ராஜகுமாரி அத்தை ட்யூபை இரண்டு விரலால் பிடித்தாள்.

"அவ ஊதுன காத்து என் வாயில வரவா?"

"கொஞ்சம்தான் வரும் அத்தை."

"கொஞ்சமும் வேண்டாம்."

"சரி. நீங்க ஊதாட்டா உங்க வாசல் எங்கன்னு பொக்லைனுக்குத் தெரியாது. நடு வீட்டுக்குள்ள தோண்டும். நான் போய்ட்டு வாரேன்."

"ஏ நில்லு, கோட்டிக்காரி" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு வாய் வைத்தாள். ஒரு நொடி. கண்ணைத் திறந்தாள். "அவளுக்கு மூட்டுவலியா? எப்ப இருந்து?" என்றாள். அப்புறம் அவள் ஊதிய ஊதலில் முள் இரண்டு கோடு ஏறியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நாற்பத்திரண்டு வீடும் முடிந்தது. வயிற்றில் இருபத்தாறு காப்பி. நாற்பத்து மூன்றாவது எங்கள் கடை. அம்மா மாவு வழித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைக்காமல் ட்யூபை வாயில் வைத்தாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அப்படியே வைத்திருந்தாள். அவளுக்கு எல்லாமே தெரியும், அவளும் கூடவே ஆட்டியவள்தானே. ஆனால் நோட்டை மறைத்தது தெரியாது. கணக்கு சார் சொன்னதும் தெரியாது. நான் வீட்டில் சொன்னதில்லை.

அப்புறம் ஊதினாள். முள் பச்சையில் வந்து நின்றது.

நாலு மணிக்கு அளவர் வந்தார். தொட்டியைக் காதில் வைத்துக் கேட்டார். "நாப்பத்து மூணும் இருக்கு" என்று சொல்லி மஞ்சள் கட்டையைக் கொடுத்தார். தெருவில் பாதிப் பேர் கடை வாசலில் நின்றார்கள். இசக்கிதுரையும் வந்திருந்தான், யாரோ அவனுக்கும் காப்பி கொடுத்திருந்தார்கள்.

மோட்டாரைப் போட்டேன்.

பொக்லைன் மேற்கு ஓரத்தில் பக்கெட்டை இறக்கி, கோடு போட்டதுபோலத் தோண்டிக்கொண்டே வந்தது. பம்ப் டொக் டொக்கென்று அடித்தது. ஆறாம் வீட்டில் ஆட்டோ நிற்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. பன்னிரண்டாம் வீட்டில் பிச்சிக்கொடியைத் தொடாமல், பக்கெட்டைத் தூக்கித் தாண்டி வைத்தது. பழைய குழிகள் வந்த இடத்தில் வாய்க்கால் அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டது. வெளியே பயணிகள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள், அவ்வளவுதான். பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் நின்று, யோசித்து, வாய்க்காலுக்கு மேலே ஒரு மண் பாலம் விட்டுவிட்டுப் போனது. ஓர் ஆள் நடக்கலாம். இரண்டு பேரும் எதிர் எதிரே வந்தால் யாராவது ஒருவர் பேசித்தான் ஆக வேண்டும்.

கடை வாசலுக்கு வந்தது. மிக அழகாக, ஒரு சாண் தள்ளி, ஆழமாக வெட்டிக்கொண்டு போனது. அம்மா மூச்சை விட்டாள். இனி நேராகப் போனால் குளம்.

நேராகப் போகவில்லை. இடது பக்கம் திரும்பியது. தோண்டிக்கொண்டே தாம்பாளத்தின் விளிம்புக்கு வந்து, பக்கெட்டால் விளிம்பை மூன்று தடவை தட்டியது. நின்றது.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றார் அளவர்.

"பள்ளிக்கூடம்" என்றேன்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். கடைசி மூச்சு அவளுடையது.

"நான் ஒண்ணும் நெனைக்கல" என்றாள் அம்மா. "ஊதத்தான் செஞ்சேன்."

வாய்க்கால் எங்காவது போய்ச் சேராவிட்டால் தண்ணீர் திரும்பி வரும். திரும்பி வந்தால் முதலில் வருவது கடைக்குத்தான். மறு நாள் பத்தேகாலுக்கு மழை. காற்றை இறக்கி மறுபடி நாற்பத்து மூன்று வீடு ஏற நேரம் இல்லை. பொக்லைன் விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தது. அளவர் வரைபடத்தைப் பிரித்து, ஸ்கேலை வைத்து, பள்ளி மைதானம் எங்கள் தெருவைவிட ஒன்பது சென்டிமீட்டர் தாழ்வு என்று கண்டுபிடித்தார். தெருவில் எல்லோருக்கும் அது முன்பே தெரியும்.

"தட்டு பத்தலைல்லா, அதான் தட்டுது" என்றான் இசக்கிதுரை. "இன்னொண்ணு வச்சு விடு."

தட்டு இருந்தது. பள்ளிக்கூடத்து மண் இல்லை. நான் யோசிப்பதற்குள் அம்மா இன்னொரு தாம்பாளத்தை இழுத்து ஒட்டிப் போட்டு, பச்சரிசி மாவு நாலு படியைக் கொட்டி, கையால் பரப்பிவிட்டாள். பொக்லைன் விளிம்பில் பக்கெட்டை ஊன்றி, தன்னைத் தானே தூக்கி, அந்தப் பக்கம் இறங்கியது. மாவில் தோண்டிக்கொண்டே போய், நட்ட நடுவில் நின்று, கையை மடக்கிக்கொண்டது. முள் பூஜ்யத்தில் இருந்தது. நாற்பத்து மூன்று மூச்சும் தீர்ந்துவிட்டது.

அளவர் 'முடிந்தது' என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். பள்ளி மைதானம் அன்றிலிருந்து வெள்ளையாக இருக்கிறது.

சனிக்கிழமை மழை பத்து பதினேழுக்கு வந்தது. இரண்டு நிமிடம் தாமதம். அம்மா கிரைண்டருக்கு அடியில் செங்கல் வைத்துவிட்டு வாசல்படியில் நின்றாள். நான் விளக்குமாறோடு நின்றேன். தண்ணீர் மேற்கேயிருந்து வாய்க்கால் நிறைய வந்தது. ஆட்டோவைச் சுற்றியது, பிச்சிக்கொடிக்கு அடியில் நுழைந்தது, மண் பாலத்துக்குக் கீழே குனிந்தது. கடை வாசலுக்கு வந்தபோது கொஞ்சம் மெதுவானது. அம்மா என் தோளைப் பிடித்தாள். தண்ணீர் வாசலைப் பார்த்தது மாதிரி இருந்தது. அப்புறம் இடது பக்கம் திரும்பிப் போய்விட்டது.

மாமா போன் செய்தார். "எம்மா ஜெபா, செக்கிங் இடத்த வேற ஆளுக்குக் குடுத்திரட்டா?"

"குடுத்திருங்க மாமா" என்றேன்.

கார்த்திகை முதல் வாரத்தில் பள்ளியிலிருந்து ஒரு கவர் வந்தது. சங்கிலிமுத்து மாமாதான் பழக்க தோஷத்தில் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ரேங்க் கார்டு. பெயர்: மழை, ஆறாம் குறுக்குத் தெரு. வகுப்பு: பிளஸ் டூ. பாதுகாவலர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர், அன்னபுஷ்பம். ஆறாம் குறுக்குத் தெருவிலிருந்து ஓர் ஆள் குறைகிறது என்று அவர்கள் பதிவேட்டில் இருந்திருக்கிறது. ஆள் வந்ததும் கடைசி பெஞ்சில், சன்னல் ஓரத்தில், காலியாகக் கிடந்த என் இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். வருகை: தினமும். தமிழ் எண்பத்தெட்டு. கணக்கு முப்பத்தொன்பது. 'பெஞ்சை ஈரமாக்குகிறது, மற்றபடி நல்ல ஒழுக்கம்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. கீழே, வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம்.

அம்மா மாவுக் கையோடு கையெழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை என்னைக் கடையில் இருக்கச் சொல்லிவிட்டு, கிறிஸ்துமஸுக்கு எடுத்து வைத்திருந்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்து சேலையை மடித்து வைத்தாள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள்.

"என்ன சொன்னாவ?"

"நல்லாத்தான் படிக்குதாம். பக்கத்துல உள்ளவங்க நோட்டு எல்லாத்தையும் நனைச்சு நனைச்சுப் படிச்சிருதாம். கணக்குலதான் மோசம். கூட்டிக்கிட்டே போகுதாம், கழிக்கத் தெரியலையாம். சார்ட்ட கேட்டதுக்கு, பக்கத்துல கேட்டுக்கோன்னு சொல்லிட்டாராம்."

நான் சல்லடையில் பல்சக்கரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் குறுக்குத் தெருவில் படிப்பை விட்டவர் யாரும் இல்லாததால் அவர்கள் வாய்க்காலையும் என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

"நீ கொஞ்சம் சொல்லிக் குடேன்" என்றாள் அம்மா.

"ஆறு மணிக்கு வரச் சொல்லு" என்றேன். "கடைக்குள்ள வரப்பிடாது. வாசல்லதான் உக்காரணும்."

ஆறு மணிக்கு வந்தது. வாசலில்தான் உட்கார்ந்தது. அம்மா அதற்கும் ஒரு காப்பி கொண்டுவந்து வைத்தாள்.